இறுக்கம்

பழைய ஹெல்மெட் வலிக்காது. மாட்டியதும் நெற்றியை அழுத்தாமல், காதை மடக்காமல், தானாக இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கழற்றும்போது கன்னத்தைப் பிடித்து இழுக்காது. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் தலையோடு கிடந்த பொருளுக்கு அப்படி ஓர் உரிமை வந்துவிடுகிறது. நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சுகத்தின் அருமை தெரியும். முதுகு வலிக்கலாம், உள்ளங்கை மரத்துப்போகலாம். தலை மட்டும் நிம்மதியாக இருந்தால் இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாம். அந்த நிம்மதிதான் ஆபத்து என்று சொன்னால் மனம் எளிதில் ஒப்புவதில்லை. தலையைச் சுற்றிலும் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய ஒன்று எங்கும் கவ்வவில்லை என்றால், அது தன் வேலையை எப்போதோ விட்டுவிட்டது.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நாட்டை வகிடெடுத்துக்கொண்டு போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், வடக்கே போய்க்கொண்டிருந்தபோது இதை உடம்பால் உணர்ந்தேன். கர்னூல் தாண்டியதும் சாலை நேராகி வேகம் கூடியது. கன்டெய்னர் லாரியை முந்தி அதன் மூக்கைக் கடக்கிற கணத்தில் பக்கத்திலிருந்து காற்று ஓர் அறை விடும். பைக் ஓட்டுகிற எல்லோரும் வாங்கியிருக்கிற அறை அது. அந்த நேரத்தில் ஹெல்மெட் விரற்கடை அளவு மேலே எழும்பி, வார் தொண்டையை அழுத்தியது. பக்கவாட்டில் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் தலை முதலில் திரும்பியது, ஹெல்மெட் பிறகு வந்து சேர்ந்தது. நிர்மல் பக்கம் ஒரு டீக்கடையில் கழற்றியபோது நெற்றியெல்லாம் கறுப்புத் தூள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மக்கி உதிர ஆரம்பித்திருந்தது. இருட்டத் தொடங்கியதும் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணாடியின் கீறல்களில் பட்டுச் சிதறி, சாலையின் ஓரம் எது நடு எது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிட்டது. கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஊர் திரும்பியபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெயின்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைவதற்குள் அதைக் கைவிட்டேன். முன்னால் இன்னும் பாதி நாடு கிடந்தது.

ஹெல்மெட்டை நாம் வெளியிலிருந்தே பார்க்கிறோம், வெளியிலிருந்தே வாங்குகிறோம். ஓட்டின் நிறம், அதில் ஒட்டிய படம், பளபளப்பு. ஓடு செய்வது பாதி வேலைதான்: கூரான கல் உள்ளே இறங்காமல் தடுத்து, ஓரிடத்தில் விழும் அடியைப் பரப்பிவிடுகிறது. பரவிய அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல். டிவிப் பெட்டிக்குள் வைத்து வருகிற அதே இனம்தான், அடர்த்தி அதிகம். அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு அவகாசத்தில்தான் மூளை பிழைக்கிறது.

ஐரோப்பியத் தரச் சோதனை ஒன்றில், உலோகத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்பு மேடையில் மோதவிடுவார்கள். மணிக்கு 27 கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் வேகம். நாமோ 80இல் போகிறோமே, இது எந்த மூலைக்கு என்று முதலில் தோன்றும். ஆனால் 80இல் போகிறவன் சறுக்கி விழும்போதும் அவன் தலை தரையை நோக்கி இறங்குவது அவன் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்துதான். மீதி வேகம், குறுக்கே கல்லோ கம்பமோ லாரியோ இல்லாதவரை, தார்ச்சாலையில் இழுபட்டுத் தீர்கிறது. அந்த 27 கிலோமீட்டர் வேகத்தை 3 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சீராக நிறுத்தினால் தலையின் மேல் விழும் விசை அதன் எடையைப்போல் சுமார் நூறு மடங்கு. ஒரே ஒரு சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் ஏறத்தாழ 290 மடங்கு. அந்தச் சோதனையில் அனுமதிக்கப்படும் உச்சம் 275. வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல். இந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து என்னால் ஹெல்மெட்டைத் தரையில் தொப்பென்று வைக்க முடிவதில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்களும் சோதனைக்கூடங்களும் பொதுவாகச் சொல்கிற கெடு. வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. பழைய சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சேகரித்துச் சோதித்தவர்கள், அடி வாங்காத தெர்மாகோல் வயதானதால் மட்டும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். முதலில் சாகிறவை மற்றவை: கன்னத்துப் பஞ்சு, பசை, வார், கொக்கி. வியர்வை அவற்றை அரிக்கிறது. நம் ஊர்த் தலைகளுக்கு வியர்வையோடு தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். பஞ்சு அமுங்கிப்போனால் தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே காலியிடம் விழுகிறது. விழும்போது ஹெல்மெட் சுழலும். தெர்மாகோல் நெற்றிக்கு நேரே இருக்க வேண்டிய நேரத்தில் வேறெங்கோ இருக்கும். முதல் மோதலிலேயே கழன்று உருண்டோடிவிடுவதும் உண்டு. கேரள, தமிழக நெடுஞ்சாலைகளில் விபத்து நடந்த இடத்தைக் கடக்கிறபோது, வண்டி ஓரிடத்தில் கிடக்க, ஹெல்மெட் மட்டும் பல அடி தள்ளி, வார் அறாமல் முழுசாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடியைத் தாங்குகிற கவசம் வேறு, அடியில் தானே அழிகிற கவசம் வேறு. மனிதர்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1935 மே 13 அன்று, அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி.ஈ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட்டில் தன் வீட்டுக்கு அருகே பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க ஒதுங்கித் தூக்கியெறியப்பட்டார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கி, விளக்கணைத்த சாலைகளில் தபால் கொண்டுபோன ராணுவ வீரர்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, தலைக்காயங்களைத் தொகுத்து 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். விபத்தின்போது ஹெல்மெட் அணிந்திருந்தவர்களாக அவருக்குக் கிடைத்தது ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராணுவத்தையே இணங்க வைத்தார். அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே அது சட்டமானது 1973இல். கெய்ர்ன்ஸ் 1952லேயே இறந்துவிட்டார்.

ஆனால் கெய்ர்ன்ஸ் காலத்து ஹெல்மெட்டில் ஓடு உண்டு, உள்ளே தலையைத் தாங்க வார்ப்பின்னல் உண்டு, நசுங்குகிற அடுக்கு கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் லொம்பார்ட். அடியின் ஆற்றலை உள்வாங்கும் அடுக்கு கொண்ட ஹெல்மெட்டுக்கான காப்புரிமை 1953இல் கிடைத்தது. இன்று தெருவோரக் கடையில் தொங்கும் நல்ல ஹெல்மெட் ஒவ்வொன்றுக்குள்ளும் அவருடைய யோசனை இருக்கிறது: ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில், தன்னைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் அந்த இடத்தில் மறுபடி கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

நாக்பூருக்குத் தெற்கே இதே நெடுஞ்சாலையில் ஹிங்கன்காட் என்ற பருத்தி ஊர் வருகிறது. வில்லியம் லாம்டன் 1823 ஜனவரியில் இறந்தது அங்கேதான். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, குமரி முனையிலிருந்து வடக்கே இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனவர். அப்படி அவர் அளந்த பெருங்கோடும் இந்த நெடுஞ்சாலையும் வெகுதூரம் அக்கம்பக்கமாகவே போகின்றன. கோணம் அளக்க அவர் வைத்திருந்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றப்படும்போது கயிறு அறுந்து கோபுரச் சுவரில் மோதியது. வேறு யாராக இருந்தாலும் லண்டனிலிருந்து புதிதாக வரவழைக்கும் வரை வேலையை நிறுத்தியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, திருகு திருகாகக் கழற்றி, கோணிப்போன அதன் பித்தளை வட்டத்தை வாரக்கணக்கில் இழுத்து நிமிர்த்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவி பிறகு பல ஆண்டுகள் உழைத்தது.

ஹிங்கன்காட்டைக் கடக்கும்போது அந்தக் கூடாரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். பித்தளையை நிமிர்த்தலாம். எங்கள் வீட்டில் குடைக்குக் கம்பி மாற்றினார்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள், ரேடியோவைத் தட்டிக்கொட்டிப் பாட வைத்தார்கள். பைக்கும் அந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். செயின் அறுந்தால் கோக்கலாம், டியூப் வெடித்தால் பஞ்சர் ஒட்டலாம், கிளட்ச் வயர் போனால் எந்தச் சின்ன ஊரிலும் ஒரு மெக்கானிக் கிடைப்பார். கூடவே போகிற இத்தனை பொருள்களில் ஹெல்மெட் மட்டும் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படாதது. அதற்கு ரிப்பேர் கிடையாது. பஞ்சை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். உள்ளே உள்ளதை யாராலும் நிமிர்த்த முடியாது. கெட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

நாக்பூரில் கடை தேடிப் போனேன். பெரிய ஷோரூம் இல்லை. தரையிலிருந்து கூரை வரை ஹெல்மெட் அடுக்கிய, நீளமான ஒற்றை அறை. கடைக்காரர் நடுவயதுக்காரர், எதைக் கேட்டாலும் முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு அடுக்கைப் பார்த்தார். ஓர் உதவிப் பையன், பதினெட்டு பத்தொன்பது இருக்கும். என் அரைகுறை இந்தி கேட்டதும் "அன்னா, சௌத்தா?" என்றான். தையல்காரர் டேப் ஒன்றைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைப்பு வரை சுற்றி அளந்தான். 59 சென்டிமீட்டர்.

அளவு பாதிதான் சொல்லும். ஒரே சுற்றளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று உருண்டையாகவும் மற்றது முன்னும் பின்னும் நீண்டும் இருக்கும். நீண்ட தலைக்கு உருண்டை ஹெல்மெட் போட்டால் நெற்றியில் சூடு வைத்ததுபோல் வலிக்கும், பக்கங்களில் விரல் நுழையும். முதலில் மாட்டியது அப்படித்தான் இருந்தது. இரண்டாவது ஆடியது. மூன்றாவதை மாட்டியபோது கன்னங்கள் உள்ளே தள்ளி, பேசினால் கடிபடும்போல் இருந்தது. பெரிய அளவு கேட்கலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. கடைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இருக்கட்டும், அப்படியே உட்காருங்கள்" என்று ஸ்டூலைக் காட்டினார். இப்படிச் சொல்கிற கடைக்காரர்கள் அபூர்வம். பெரும்பாலான கடைகளில் மாட்டிய உடனே வசதியாக இருப்பதையே எடுத்துக் கொடுக்கிறார்கள், நாமும் அதையே கேட்டு வாங்குகிறோம்.

அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் ஒரே புள்ளியில் வலி ஏறுகிறதா, எங்கும் சமமாகப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்னது தவறான வடிவம், பின்னது புதுப் பஞ்சு. பையன் பின்னால் வந்து ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்து முன்பக்கமாகப் புரட்டப் பார்த்தான். வரவில்லை. தாடையைப் பிடித்து இடவலமாக ஆட்டினான். கன்னத்தோல் கூடவே நகர்ந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், உள்ளே ஒட்டியிருந்த உற்பத்தி மாதத்தையும் பார்த்தேன். முத்திரையில்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் செய்வதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் குற்றம். அந்தக் கடைக்கு வரும் வழியிலேயே பிளாட்பாரத்தில் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்களிலும் அதே காட்சிதான். போலீசிடம் காட்டுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் அது. அதற்குள் தெர்மாகோலே இருக்காது, இருந்தாலும் தாள் கனத்தில் இருக்கும். அதை வாங்குகிறவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. உயிர் காக்கும் பொருளையும் அதன் வேஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விற்க விட்டுவிட்டு, வாங்குகிறவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று இருக்கிற நிர்வாகத்தின் மேல்தான் வருகிறது.

பணம் கொடுத்தபின் பழையதை எடுத்து மேசைமேல் வைத்து, இனி யாரும் மாட்டாதபடி வாரை அறுக்கக் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். பையன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓடு நல்ல ஓடு, ஒரு காலத்தில் நல்ல விலை. "அறுக்காதீங்க அன்னா. பாபாவுக்குக் கொடுக்கிறேன்" என்றான். அப்பா கலம்னா சந்தையில் மூட்டை தூக்குகிறவர், விடிவதற்கு வெகுமுன்பே வண்டியில் கிளம்புகிறவர். அவரிடம் இருப்பது பிளாட்பாரச் சரக்கு. மகன் இந்தக் கடையில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் தலை அளக்கிறான்.

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உடுத்திய சட்டையைக் கொடுக்கலாம். பழைய செருப்பு, பழைய குடை, பழைய சைக்கிள், எதையும் கேட்கிறவருக்குக் கொடுப்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை. உருப்படியான பொருளைக் கத்தரிப்பது பாவம். பிளாட்பார ஹெல்மெட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்று அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அப்பாவுக்கு அது பொருந்துமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் தலைக்கே ஆடுகிற ஹெல்மெட் அவர் தலையில் எப்படி நிற்கும்? நல்ல பெயரும் நல்ல ஓடும் உள்ள ஒன்றை மாட்டிக்கொண்டால் மனிதனுக்கு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்கு உள்ளே ஆதாரம் இல்லை என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. தானம் என்ற பெயரில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மாட்டியிருந்தும் கழன்றுபோய் இறந்தவர்களுக்கு அந்த அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது.

வாரை இரண்டு பக்கமும் அறுத்தேன். பையன் முகம் சுண்டிப்போனது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, கீழ் அடுக்கிலிருந்து படமில்லாத, வெறும் கறுப்பு ஹெல்மெட்டுகளை இறக்கினார். முத்திரை உள்ளவை, ஆயிரம் ரூபாய்க்குள். ஒன்றுக்கு நான் தருகிறேன் என்றேன். அடக்க விலைக்குத் தருகிறேன் என்றார் அவர். ஐந்து நிமிடம் முன்பே அதைச் செய்திருக்கலாமே என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கும்.

எந்த அளவு? பையன் விழித்தான். தினம் எத்தனையோ தலைகளை அளக்கிறவனுக்கு அப்பாவின் தலை தெரியவில்லை. போனைப் போட்டான். அந்தப் பக்கம் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டான் போலிருக்கிறது. மராத்தியில் நீண்ட வாக்குவாதம். வீட்டில் டேப் இல்லை. நூலைச் சுற்றச் சொன்னான், புருவத்துக்கு மேலே, பின்மண்டைப் புடைப்பில் வர வேண்டும், லேசாக அல்ல, இழுத்துப் பிடித்து என்று மூன்று முறை சொன்னான். பிறகு தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து நூலை அதன்மேல் வைத்து அளக்கச் சொன்னான். 15 சென்டிமீட்டர் ஸ்கேல். நான்கு முறை நகர்த்தி நகர்த்தி வைத்து, கூட்டி, தப்பாகக் கூட்டி, மறுபடி கூட்டினாள்.

ஐம்பத்தேழரை. கடையில் இருந்தவை 56, 58, 60. பையன் 58ஐ எடுத்துத் தன் தலையில் மாட்டி, கன்னம் பிதுங்க என்னைப் பார்த்தான். "பாபா திட்டுவார், ரொம்ப டைட்" என்றான். 60ஐ எடுக்கக் கை போனது. கடைக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டு 58க்குப் பில் எழுதினார்.